கொதித்த குழம்பிலிருந்து புளியை எடுக்க முடியாது: எடிட்டிங் சாஃப்ட்வேர் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் ஹார்ட் டிஸ்க்கோடு வீட்டுக்கு வந்தார். பதினெட்டு நிமிடக் குறும்படம். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து போனிலேயே எடுத்து, போனிலேயே ஒரு செயலியில் எடிட் செய்திருந்தார்கள். படம் நன்றாக இருந்தது. எங்கே வெட்ட வேண்டும் என்பது தம்பிக்குத் தானாகவே வந்திருக்கிறது. பார்த்து முடித்ததும் கேட்டார்: "மியூசிக் போட ஒருத்தர் கிடைச்சிருக்கார் அண்ணா. மிக்ஸிங்கும் அவரே பண்ணித் தர்றாராம். ஏதோ ஏ.ஏ.எஃப். வேணும்னு சொல்றார். அதை எங்கேருந்து எடுக்கறது?"

ஏ.ஏ.எஃப். என்பது படத்தின் ஒலியைத் துண்டு துண்டாக சவுண்ட்காரருக்குக் கொடுக்கும் ஃபைல். போன் செயலிகளில் பெரும்பாலும் கிடையாது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் இதே முகத்தோடு இதே கேள்வியைக் கேட்டு நின்றவன் நான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பேக்கப் எடுங்கள், வாட்டர்மார்க் விழும் ட்ரையல் பதிப்பில் படத்தை முடிக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

எஃபெக்ட் எண்ணிக்கையில் மயங்குவது

முந்நூறு ட்ரான்சிஷன், அதாவது ஒரு ஷாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் எஃபெக்ட், என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். கதை சொல்ல வேண்டியது கட். எப்போதாவது ஒரு ஷாட் மங்கி அடுத்ததில் கரையும் டிஸால்வ்.

கம்ப்யூட்டரைப் பார்க்காமல் சாஃப்ட்வேரைப் பார்ப்பது

"ரிசால்வ் ஹேங் ஆகுது, ப்ரீமியர் போட்டேன். அதுவும் ஹேங் ஆகுது. அடுத்து எது?" வாரத்துக்கு ஒருவராவது இப்படிக் கேட்கிறார். லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்தான் இருக்கும், தனி கிராபிக்ஸ் கார்டு இருக்காது. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு அருமையானது, நானே அதைத்தான் பரிந்துரைக்கிறேன். ஆனால் அது கிராபிக்ஸ் கார்டை நம்பி ஓடும் சாஃப்ட்வேர். ரேம் 16 ஜிபியாவது இருக்க வேண்டும் என்று அதைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக்காரர்களே சொல்கிறார்கள்.

பல சமயம் குற்றவாளி சாஃப்ட்வேர் இல்லை, ஃபுட்டேஜ்தான், அதாவது நீங்கள் எடுத்த வீடியோ. போனும் சின்ன கேமராக்களும் எச்.264 அல்லது எச்.265 முறையில் பதிவு செய்கின்றன. இடம் மிச்சம் பிடிக்க, எல்லா ஃப்ரேமையும் அவை முழுதாகச் சேமிப்பதில்லை. ஒரு முழு ஃப்ரேம், அதற்குப் பின் வரிசையாக மாற்றங்கள் மட்டும். நீங்கள் க்ளிப்புகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் நடுவே ஓர் இடத்தில் நிறுத்தினால், அந்த ஒரு ஃப்ரேமைக் காட்டுவதற்கே முன்னும் பின்னும் இருப்பதையெல்லாம் கணக்குப் போட வேண்டும். லேப்டாப் அங்கேதான் மூச்சு வாங்குகிறது. ப்ராக்ஸி போட்டுக்கொண்டால், அதாவது சின்ன அளவில் ஒரு நகல் எடுத்து அதை வைத்து வெட்டி, கடைசியில் ஒரிஜினலுக்கு மாறிக்கொண்டால், பழைய கம்ப்யூட்டரிலும் வேலை நடக்கும். ப்ரீமியர், ரிசால்வ், ஃபைனல் கட் ப்ரோ, இலவசமான கேடென்லைவ், எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. ப்ராக்ஸி இல்லாத சாஃப்ட்வேரை மட்டும் தவிர்த்தால் போதும்.

வெளியே போகும் வழியைப் பார்க்காதது

இதற்குத்தான் வந்தேன்.

என் முதல் படம் 22 நிமிடம். மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சல்லிசாகக் கிடைத்த ஒரு சாஃப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்கி, அதில் எடிட் செய்தேன். பெயர் வேண்டாம். பெட்டியில் "ப்ரொஃபஷனல்" என்று பெரிதாகப் போட்டிருந்தது, அது போதும் என்று நினைத்தேன். வெட்டுவதற்கும் நன்றாகத்தான் இருந்தது. மூன்று மாதம் உட்கார்ந்து வெட்டினேன். படம் முடிந்தது என்று வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, இரவு பஸ் ஏறி சென்னை சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவுக்குப் போனேன். மிக்ஸிங்குக்கு ஆறாயிரம் ரூபாய் அட்வான்ஸ் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

சவுண்ட் இன்ஜினியர் டீயை வைத்துவிட்டு, "ஏ.ஏ.எஃப். குடுங்க சார், இல்லேன்னா ஓ.எம்.எஃப்." என்றார். நான் எம்.பி.4 ஃபைலைக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். "இதுல டயலாக், எஃபெக்ட்ஸ், மியூசிக் எல்லாம் தனித்தனியா வரணும் சார்." அப்போது நான் சொன்ன பதிலை இப்போது நினைத்தாலும் கூசுகிறது: "இதுலயே வால்யூம் ஏத்தி இறக்கிக்கலாமே?"

கொதித்த குழம்பைக் கொண்டுபோய் வைத்து, புளியை மட்டும் தனியாக எடுத்துத் தாருங்கள் என்று கேட்பதற்குச் சமம் அது. படம் நெடுக வசனத்துக்கு அடியில் தற்காலிகமாக ஒரு சினிமாப் பாட்டை வேறு ஓட விட்டிருந்தேன். எம்.பி.4 ஆனபின் பாட்டை எடுத்தால் வசனமும் கூடவே போகும்.

விஷயம் இதுதான். பிக்சர் லாக் ஆனபின், அதாவது இனி ஒரு கட்டும் மாறாது என்று முடிவானபின், ஒரு படம் பல கைகளுக்குப் போகிறது. கலர் செய்பவர், சவுண்ட் பார்ப்பவர், ஆர்.ஆர். எனும் பின்னணி இசை செய்யும் இசையமைப்பாளர். ஏ.ஏ.எஃப். என்பது சவுண்ட்காரருக்குப் போகும் சீட்டு மாதிரி. ஓ.எம்.எஃப். அதன் பழைய வடிவம். எந்த ஒலித்துண்டு எந்த ட்ராக்கில், எந்த நொடியில், எந்த ஃப்ரேமில் தொடங்கி எங்கே முடிகிறது என்று அதில் இருக்கும். அவர் அதை ப்ரோ டூல்ஸ் என்ற ஒலி சாஃப்ட்வேரில் திறந்தால் உங்கள் டைம்லைனின் ஒலி அப்படியே விரியும். அதோடு ஹேண்டில்ஸ் என்று ஒன்று உண்டு. நீங்கள் வெட்டிய இடத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் கூடுதல் ஒலி சேர்ந்தே போகும். இரண்டு ஷாட்டுக்கு நடுவே அறையின் சத்தம் சட்டென்று மாறினால், அதை வைத்துத்தான் அவர் இழைத்துச் சரிசெய்வார். ஹேண்டில்ஸ் இல்லாவிட்டால் அவர் கையில் ஒன்றும் இல்லை.

கலர் செய்பவருக்கு எக்ஸ்.எம்.எல். அல்லது ஈ.டி.எல். வேண்டும், அதாவது எந்தக் க்ளிப் எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்ற பட்டியல். அதை வைத்துத்தான் கேமராவின் ஒரிஜினல் ஃபைல்களை அவர் தன் பக்கம் கோத்துக்கொள்வார். அது இல்லையென்றால் உங்கள் எக்ஸ்போர்ட்டையே துண்டு துண்டாக வெட்டி அதன் மேல் வண்ணம் பூச வேண்டியதுதான். ஏற்கெனவே அமுக்கிய படம், இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகப் பிளந்து நிற்கும்.

நான் வாங்கிய சாஃப்ட்வேரில் இவை மூன்றுமே இல்லை. எக்ஸ்போர்ட் மெனுவில் டிவிடிக்கு, போனுக்கு, யூடியூபுக்கு என்று பதினைந்து பொத்தான்கள் இருந்தன. இன்னொரு மனிதருக்குக் கொடுப்பதற்கு ஒரு பொத்தான் இல்லை.

மதுரைக்குத் திரும்பி வேறொரு சாஃப்ட்வேரில் படத்தை முதலிலிருந்து எடிட் செய்தேன். முடித்த படத்தை மேல் ட்ராக்கில் கீழே இருப்பது பாதி தெரியும்படி மங்கலாக வைத்து, கீழே ஒரிஜினல் க்ளிப்பை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி ஒட்டினேன். நானூற்றுச் சொச்சம் கட். பதினோரு நாள். அலுவலகத்தில் விடுப்பு முடிந்துபோனது, ஸ்டுடியோ தேதி போனது, ஆறாயிரமும் போனது. இன்றும் எனக்கு எரிச்சல் பணத்தின் மேல் இல்லை. அந்தப் பதினோரு நாளில் நான் ஒரு கட்டைக்கூட மேம்படுத்தவில்லை. எல்லாமே பழையதைப் பார்த்து எழுதிய காப்பி.

சரி, எதில் இந்த வசதி இருக்கிறது? ப்ரீமியரில், அவிட் மீடியா கம்போசரில் உண்டு. ரிசால்வில் இலவசப் பதிப்பிலேயே உண்டு. டெலிவர் பக்கத்தில் ப்ரோ டூல்ஸுக்கென்றே ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். ஃபைனல் கட் ப்ரோ தன் சொந்த எக்ஸ்.எம்.எல். தரும், ஏ.ஏ.எஃப். வேண்டுமென்றால் தனியாக ஒரு கருவி வாங்க வேண்டும். போன் செயலிகளில் பெரும்பாலும் கிடையாது. போன் செயலிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2020 ஜூனில் இந்தியா 59 செயலிகளைத் தடைசெய்தபோது அந்தப் பட்டியலில் டிக்டாக்கோடு விவாவீடியோவும் இருந்தது. பாதி எடிட்டில் இருந்தவர்கள் யாரிடம் போய் முறையிடுவது?

ஷூட்டிங்குக்கு முன்பே இதைச் சோதிக்கலாம். மூன்று க்ளிப், ஒரு நிமிட டைம்லைன், ஒரு டிஸால்வ், ஒரு பாட்டு. ஏ.ஏ.எஃப். எடுத்து உங்கள் சவுண்ட்காரருக்கு அனுப்பி, அவர் பக்கம் திறக்கிறதா என்று கேளுங்கள். அரைமணி நேர வேலை.

அந்தத் தம்பிக்கு என்ன செய்தோம்? செயலியில் பாட்டையும் எஃபெக்ட்ஸையும் ம்யூட் செய்து வசனத்தை மட்டும் ஒருமுறை எக்ஸ்போர்ட். வசனத்தை ம்யூட் செய்து எஃபெக்ட்ஸ் மட்டும் இன்னொரு முறை. அப்புறம் பாட்டு மட்டும். மூன்றுக்கும் முதல் ஃப்ரேமிலேயே ஒரு "பீப்" சத்தம், சவுண்ட்காரர் ஒன்றின் மேல் ஒன்று பொருத்திக்கொள்ள. ஹேண்டில்ஸ் கிடையாது, வசனம் மாறும் இடமெல்லாம் முட்டும். என்றாலும் பதினோரு நாள் பிழைத்தது.

மாத வாடகையைக் கணக்குப் போடாதது

ப்ரீமியரைத் தயாரிக்கும் அடோபி 2013-இல் சந்தா முறைக்கு மாறியது. வேலையாக எடிட் செய்பவருக்கு அது சரிப்படும், மாதாமாதம் சம்பாதிப்பார். வருடத்துக்கு ஒரு படம் எடுப்பவர், படம் முடிந்து எட்டு மாதம் கழித்து ஒரு விழாவில் சப்டைட்டில் மாற்றச் சொன்னால், ப்ராஜெக்டைத் திறக்கவே மறுபடியும் பணம் கட்ட வேண்டும். மாதக் கட்டணம் போலக் காட்டுவது வருட ஒப்பந்தமாகவும் இருக்கலாம். பொடி எழுத்தைப் படியுங்கள். ஃபைனல் கட் ப்ரோவை ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் மேக் வேண்டும்.

ப்ராஜெக்ட் எங்கே இருக்கிறது என்று தெரியாதது

ரிசால்வ் உங்கள் ப்ராஜெக்டை ஃபுட்டேஜ் இருக்கும் ஃபோல்டரில் வைப்பதில்லை. கம்ப்யூட்டருக்குள் தனக்கென ஒரு டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளும். எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்து விண்டோஸை ஃபார்மேட் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். ஃபுட்டேஜ் இருந்தது. எடிட் இல்லை. தினமும் எழுந்திருக்கும்முன் ப்ராஜெக்டைத் தனி ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள்.

படத்துக்கு நடுவில் அப்டேட்

வேண்டாம். புதிய பதிப்பில் திறந்து சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது.

கிராக்

பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு. ரிசால்வும் கேடென்லைவும் ஷாட்கட்டும் சும்மா கிடைக்கும் காலத்தில் இதற்கு ஒரு பத்தி எழுத எனக்கு மனமில்லை.

தமிழ் எழுத்தைச் சோதிக்காதது

இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், ஏனென்றால் எடிட்டிங் பாடம் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் டைட்டில் போடுகிறார்கள். யூனிகோட் தமிழில் கொம்பும் காலும் எழுத்தைச் சுற்றி இடம்மாறி உட்கார வேண்டும். அந்தக் கணக்கு தெரியாத டைட்டில் கருவியில் எழுத்துகள் கழன்று நிற்கும். ப்ரீமியரில் அமைப்புகளுக்குள் கிராபிக்ஸ் பகுதியில் தெற்காசிய எழுத்துக்கான தேர்வு ஒன்று இருக்கிறது, அதை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். சிலர் பாமினி மாதிரி பழைய எழுத்துருவைப் போட்டுச் சமாளிப்பார்கள். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை ஒளித்து வைத்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் உங்கள் வசனம் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், சப்டைட்டிலுக்கும் உதவாது.

எந்த சாஃப்ட்வேரை இறக்கினாலும் முதலில் டைட்டில் கருவியைத் திறந்து "கோவில்", "ஸ்ரீ", "தொகுப்பு" என்று மூன்று வார்த்தை தட்டிப் பாருங்கள். மூன்றாவது வார்த்தை எனக்குப் பிறகுதான் தோன்றியது. அத்தனை பாடுபட்டு மறுபடி எடிட் செய்த படம் முதல்முறை திரையில் ஓடி, கடைசியில் பெயர்கள் மேலே ஏறியபோது, "படத்தொகுப்பு" என்பதில் மட்டும் கொம்பு கழன்று தனியாக நின்றது. கீழே என் பெயர்.