உங்கள் போனை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று தோன்றுகிறதா? சட்டப்படி என்ன செய்யலாம்: புதியவர்களுக்கான வழிகாட்டி

பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். மத்தியானம் அம்மாவுக்கு அவர் வாட்ஸ்அப்பில் அனுப்புவதை ராத்திரி கணவர் வரிக்கு வரி திருப்பிச் சொல்கிறாராம். "டவர்லயே பிடிக்கிறாங்களோ?" என்று கேட்டார். குரல் நடுங்கியது. போனை வாங்கி, வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பக்கத்தைத் திறந்தேன். அவருக்குத் தெரியாத ஒரு கணினி அங்கே இருந்தது. அன்று காலைகூட அது திறந்திருந்தது.

அவர் உடனே அதை நீக்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். ஏன் தடுத்தேன் என்பதை இரண்டாம் படியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன பின்னணி. கம்பியில் போன பேச்சைத் திருட, கம்பியைத் தொட வேண்டும். செல்போன் பேச்சு காற்றில் ரேடியோ அலையாகப் போகிறது. யார் பிடித்தாலும் நமக்குத் தடயம் தெரியாது. அதனால் பூட்டு பாதி, சட்டம் பாதி என்றுதான் நம் பேச்சுக்குப் பாதுகாப்பு. இந்தியாவில் அந்தச் சட்டம் வெகுகாலம் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமாகவே இருந்தது. இப்போது அந்த இடத்தில் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இருக்கிறது. ஒட்டுக்கேட்பு பற்றிய அதன் பிரிவுகள் 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் உள்ளன.

படி 1: கேட்பது யார் என்று பிரியுங்கள்

தனி ஆளா, அரசா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எந்த மனுவும் எழுத முடியாது.

கணவர், மாமனார், முதலாளி, முன்னாள் காதலன், துப்பறியும் நிறுவனம் என யாராக இருந்தாலும் சரி, உங்களுக்கும் இன்னொருவருக்கும் நடக்கும் பேச்சைத் திருட்டுத்தனமாக இடைமறிக்க அவர்களுக்கு எந்த அனுமதியும் கிடையாது. "என் பேரில் வாங்கிய சிம்", "நான் வாங்கித் தந்த போன்" என்ற பேச்செல்லாம் அனுமதி ஆகாது. அரசுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. அதற்கும் ஒரு கையெழுத்து வேண்டும். அதை நான்காம் படியில் பார்ப்போம்.

ஒரு விதிவிலக்கு: நீங்களே பேசும் அழைப்பை நீங்களே பதிவு செய்வது வேறு விஷயம். அது மூன்றாம் ஆள் ஒட்டுக்கேட்பது போல அல்ல.

படி 2: நீக்கும் முன் படம் எடுங்கள்

பயத்தில் பலர் போனை ரீசெட் செய்துவிட்டு வருகிறார்கள். சாட்சியும் அதோடு போய்விடுகிறது. அக்காவைத் தடுத்தது இதற்காகத்தான். இன்னொரு போனால், தேதியும் நேரமும் திரையில் தெரியும்படி படம் எடுங்கள். பிறகு இவற்றைப் பாருங்கள்:

- வாட்ஸ்அப், டெலிகிராம், ஜிமெயில் ஆகியவற்றில் உங்களுடையதல்லாத சாதனம் எதுவும் இணைந்திருக்கிறதா?
- அழைப்பு அமைப்புகளில் 'கால் ஃபார்வேர்டிங்' வேறு எண்ணுக்குப் போயிருக்கிறதா? "*401# போட்டு இந்த எண்ணை அழுத்துங்கள்" என்று கூரியர்காரர் போல நடித்துச் செய்த மோசடிகள் பெருகியதால், இந்த வகைக் குறியீடு வழியாக அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. அமைப்புகளில் இன்னும் திருப்பலாம். ஆகவே பாருங்கள்.
- நீங்கள் நிறுவாத செயலி எதற்காவது மைக், 'அணுகல்தன்மை' அனுமதிகள் இருக்கின்றனவா?
- உங்கள் பெயரில் எத்தனை சிம்கள் ஓடுகின்றன? அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம்.

கேட்பவர் அதே வீட்டில் இருப்பவராகவும் கை நீட்டுபவராகவும் இருந்தால், சாதனத்தை நீக்கிய நொடியே அவருக்குத் தெரிந்துவிடும். முதலில் பாதுகாப்பான இடம், பிறகு போன். பெண்கள் உதவி எண் 181 எந்நேரமும் இயங்குகிறது. அதையும் வேறு ஒருவர் போனிலிருந்து அழைப்பது நல்லது.

படி 3: தனி ஆள் என்றால், புகாரில் இந்தப் பிரிவுகளைச் சொல்லுங்கள்

காவல் நிலையத்தில் "குடும்பச் சண்டைம்மா, பேசித் தீர்த்துக்கோங்க" என்று சொல்லும் வாய்ப்பு அதிகம். பிரிவு எண்ணோடு எழுதிய மனுவை அப்படித் தள்ளுவது கடினம்.

தொலைத்தொடர்புச் சட்டம் 2023, பிரிவு 42(2): செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறித்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவுகள் 43, 66: அனுமதியின்றிச் சாதனத்துக்குள் புகுந்து தகவல் எடுத்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்டவர் பெண்ணாகவும் செய்தவர் ஆணாகவும் இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய தண்டனைச் சட்டம்) 78ஆம் பிரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணின் இணையம், மின்னஞ்சல், வேறு மின்னணுத் தொடர்பு ஆகியவற்றைக் கண்காணிப்பதே பின்தொடர்தல் குற்றம் என்று அது சொல்கிறது. இதை நம் ஊரில் பலர் அறியாமலிருப்பது எனக்கு வருத்தமே.

மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் அத்தாட்சி) வாங்காமல் திரும்பாதீர்கள். எஃப்.ஐ.ஆர். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம். இழப்பீடு வேண்டுமென்றால், 5 கோடி வரையிலான கோரிக்கைகளை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் தீர்ப்பு அலுவலராக இருந்து விசாரிப்பார். படங்களை நீதிமன்றத்தில் காட்ட பாரதிய சாட்சிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவை. எடுத்த போனைப் பத்திரமாக வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. தம்பதியர் ரகசியமாகப் பதிவு செய்த பேச்சைத் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாட்சியம் செல்லுமா என்பது ஒரு கேள்வி, ஒட்டுக்கேட்டது குற்றமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படி 4: அரசு என்றால், உத்தரவுத் தாளைப் படியுங்கள்

1990களின் தொடக்கத்தில் அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்ட விவகாரம் வெளியானபோது, மக்கள் குடிமை உரிமைக் கழகம் (பி.யூ.சி.எல்.) உச்ச நீதிமன்றம் போனது. 1996 டிசம்பர் 18 அன்று வந்த தீர்ப்பு, தொலைபேசிப் பேச்சு தனியுரிமையின் பகுதி என்று சொல்லி நடைமுறை விதிகளை வகுத்தது. ஆனால் முன்கூட்டியே நீதிபதியின் அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. இன்றும் கையெழுத்திடுபவர் அதிகாரி, அதைச் சரிபார்ப்பவர்களும் அதிகாரிகள். கேட்கப்பட்டவருக்குப் பின்னாளில்கூடத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இல்லை. என் பார்வையில் இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

ஆகவே பெரும்பாலானோர் அந்த உத்தரவைப் பார்ப்பதே வழக்கு வந்த பிறகுதான். பார்க்கக் கிடைத்தால் நான்கு இடங்களில் விரல் வையுங்கள்.

கையெழுத்து: மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளருடையதா? தவிர்க்க முடியாத நேரத்தில் இணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத, அதிகாரம் பெற்ற அதிகாரி போடலாம். அவசரத்தில் விசாரணை அமைப்பின் உயரதிகாரியே தொடங்கியிருந்தால் 3 வேலை நாளில் தெரிவித்து, 7 வேலை நாளில் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும்.

காரணம்: தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20(2)ஆம் பிரிவில் முதல் கதவு 'பொது அவசரநிலை' அல்லது 'பொதுப் பாதுகாப்பு'. இதில் ஒன்று இருந்தால்தான் நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு போன்ற அடுத்த காரணங்களுக்கே போக முடியும். சட்டத்தின் வார்த்தைகளை அப்படியே நகலெடுத்து, வழக்கின் உண்மை ஒன்றுகூட இல்லாமல் உத்தரவு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

காலம்: ஒரு உத்தரவுக்கு 60 நாள். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக்கூடாது.

மறுஆய்வு: உத்தரவின் நகல் 7 வேலை நாளில் மறுஆய்வுக் குழுவுக்குப் போயிருக்க வேண்டும். மாநிலத்தில் அதன் தலைவர் தலைமைச் செயலாளர்.

இந்த நான்கும் வெறும் சடங்கு அல்ல என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றமே சான்று. வருமானவரி அதிகாரி ஒருவருக்கு 50 லட்சம் லஞ்சம் என்ற வழக்கில், 2011 ஆகஸ்ட் 12 தேதியிட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூலை 2 அன்று ரத்து செய்தார். அங்கே பொது அவசரநிலையும் இல்லை, பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தும் இல்லை. மறுஆய்வுக் குழு முன்பும் வைக்கவில்லை. அந்தப் பதிவுகளைப் பயன்படுத்தக்கூடாது என்றும் தீர்ப்பு சொன்னது. சில நாள் முன்புதான் தில்லி உயர் நீதிமன்றம் பெரிய ஊழலும் பொதுப் பாதுகாப்பில் சேரும் என்ற பார்வையை எடுத்திருந்தது. எனவே உங்கள் வழக்கறிஞர் இரண்டையும் படித்திருக்க வேண்டும்.

உத்தரவு எந்தச் சட்டத்தின் கீழ் என்பதையும் பாருங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஆம் பிரிவு என்றால் அந்த முதல் கதவே கிடையாது. எந்தக் குற்றத்தின் புலனாய்வுக்காகவும் உத்தரவிடலாம். கேள்விகள் அங்கே கையெழுத்து, காலம், மறுஆய்வு பக்கம் நகர வேண்டும்.

படி 5: தாளைக் கையில் வாங்குவது

நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர் என்றால், குற்றப்பத்திரிகையோடு சேர்ந்த ஆவணங்களின் நகல் இலவசமாகத் தரப்பட வேண்டும் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 230). ஒட்டுக்கேட்ட உரையாடலின் எழுத்து வடிவம் மட்டும் வந்து உத்தரவு வரவில்லையென்றால், உத்தரவையும் மறுஆய்வுக் குழுவின் முடிவையும் கேட்டு மனு போடுங்கள். உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் உத்தரவையே எதிர்க்கலாம்.

வந்தவுடன் இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: உத்தரவில் கையெழுத்தான தேதி, குழுவுக்கு நகல் போன தேதி. இரண்டாவது தேதி எங்குமே இல்லையென்றால், அதையே மனுவின் முதல் பத்தியாக வைக்கும்படி வழக்கறிஞரிடம் கேளுங்கள்.