இந்தக் காலத்துக் கொழும்புல ஒரு பல்ப் சாகசம்: புதுசா கேம் நடத்துறவங்களுக்கு

மேசையச் சுத்தி இருந்து டைஸ் உருட்டிக் கதை சொல்லி விளையாடுற ரோல் பிளேயிங் கேம நடத்தத் தொடங்குற நிறைய பேர், பல்ப் ஸ்டைல் (பழைய மலிவு சஞ்சிகைகள்ல வந்த வேகமான சாகசக் கதை ஸ்டைல்) வேணுமெண்டா கதைய 1930க்கே கொண்டு போகணும் எண்டு நினைக்கிறாங்க. வருஷத்த மாத்தவே வேணாம், வேகத்த மாத்தினா போதும். 1896ல ஆர்கோசி எண்ட அமெரிக்க சஞ்சிகை மலிவான மரக்கூழ் (அதுதான் பல்ப்) பேப்பர்ல முழுக்க முழுக்கக் கதையா வரத் தொடங்கிச்சு, பிறகு அதே மாதிரி நிறைய வந்துச்சு, சில்லறைக் காசுக்கு வாங்குறவர் பாதியில மூடி வச்சா அடுத்த இதழ் விக்காது, அதனால பக்கத்துக்குப் பக்கம் ஏதாவது நடந்தே ஆகணும். அந்த அவசரம்தான் நமக்கு வேணும்.

முதல்ல இடம். தினமும் போய் வார ஒரு இடத்த எடுத்து, அதுக்குக் கீழ என்ன பழசு கிடக்கு எண்டு தேடுங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது ரேஸ் கோர்ஸ். இண்டைக்கு கடையும் ரெஸ்டோரன்டுமா இருக்கிற அந்த இடம் இரண்டாம் உலகப் போர் நேரத்துல விமான ஓடுபாதை, 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான்காரன் கொழும்புல குண்டு போட்டப்ப அங்க இருந்தும் ஹரிக்கேன் போர் விமானங்கள் எழும்பிச்சு. இவ்வளவும் சரித்திரம். இனி உங்கட கற்பனை: கிளம்ப முன்னால ஒரு பைலட் ரேஸ் பாக்கிறவங்க இருக்கிற ஸ்டாண்டுக்குக் கீழ எதையோ ஒளிச்சு வச்சான், அது இப்ப யாருக்கோ வேணும். ஒரு உண்மை, ஒரு பொய், அவ்வளவு போதும். அதுக்கு மேல போட்டா கேம் ஆடுறவங்க பாடம் கேக்கிற மாதிரி ஆகிடும்.

அடுத்தது போன். சிக்னல் இல்ல, சார்ஜ் இல்ல எண்டு சொல்லி போன பறிக்காதீங்க, ஒரு தரம் செய்யலாம், ரெண்டாம் தரம் எல்லாருக்கும் எரிச்சல் வரும். போனையே மர்மமாக்குங்க. காணாமப் போன சிநேகிதன்ட வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கு, நடுராத்திரி, அந்தப் புள்ளி பெய்ரா வாவிக்கு நடுவுல மெதுவா நகருது. இத நீங்க சொல்லி முடிக்க முதல் ஒருத்தர் "போட் எங்க எடுக்கலாம்" எண்டு கேப்பார் பாருங்க.

வில்லன் விஷயத்துல மட்டும் பழைய பல்ப்ப அப்பிடியே எடுக்காதீங்க. அந்தக் காலத்து நிறையக் கதைகள்ல நம்மள மாதிரி ஆசியாக்காரங்கதான் தந்திரக்கார வில்லன், இல்லாட்டி மூட்டை தூக்குறவன். அந்த அசிங்கத்த நாம திரும்ப எழுதக் கூடாது. ஒரு ஆசை, ஒரு பழக்கம், இது ரெண்டும் இருந்தா வில்லன் உருவாகிடுவார். உதாரணத்துக்கு, ஏலத்துல கொழும்புட பழைய மேப் எல்லாத்தையும் வாங்கி வாங்கி எரிக்கிற ஒரு அம்மா, எப்பவும் வெள்ளைச் சாரி, எவ்வளவு கோவம் வந்தாலும் சத்தம் உயராது.

தொடக்கம் நடுவுல இருந்து வரணும். கேரக்டர் எல்லாம் கடையில பிளேன்டீ குடிச்சு அறிமுகமாகிற சீன் வேணாம். நான் எடுத்தவுடனே இப்பிடித்தான் வாசிப்பன்: "புறக்கோட்டை, ரெண்டாம் குறுக்குத் தெரு, கொட்டுற மழை. மூட்டை சுமக்கிற நாட்டாமை ஒருத்தர் தள்ளிக்கொண்டு வந்த வண்டி உங்களுக்கு முன்னால கவிழுது. கிழிஞ்ச மிளகாய் மூட்டைக்குள்ள இருந்து ஒரு கை வெளிய வருது, உங்கட பேரச் சொல்லிக் கூப்பிடுது. என்ன செய்றீங்க?" சின்னச் சின்ன வசனம், கண்ணுக்கு ஒண்டு காதுக்கு ஒண்டு, உடனே கேள்வி.

ரூல்ஸ் பக்கம் பெருசா மாத்த ஒண்டுமில்ல. அடியாள் எல்லாரும் ஒரே அடியில விழட்டும், வில்லன் மட்டும் தாங்கட்டும். ஆளுக்கு மூண்டு லக் டோக்கன் குடுங்க, கரம் காய் எண்டாலும் பரவால்ல, ஒண்டக் குடுத்தா விழுந்த டைஸ மறுபடி உருட்டலாம். டைஸ் காலை வாரினா "ஒண்டும் நடக்கல" எண்டு மட்டும் சொல்லிடாதீங்க, கதவு திறக்காட்டி உள்ள இருக்கிறவனுக்குச் சத்தம் கேட்டிருக்கும், அவன் வாரான்.

முடிக்கிறது பத்து நிமிஷம் முதலே. லோட்டஸ் டவர் உச்சியில ஒருத்தர் கேபிள்ல தொங்குறார், டைஸ் உருண்டு நிக்குது, இலக்கத்த எல்லாரும் பாக்கிறாங்க, கேபிள் அறுந்துது எண்டு மட்டும் சொல்லிட்டு டைஸ அள்ளிப் பெட்டிக்குள்ள போடுங்க, எவ்வளவு கெஞ்சினாலும் மிச்சத்த அடுத்த கிழமை வரைக்கும் சொல்லாதீங்க.