பாட்டியைப் பேச விடுங்கள்: சமநிலைச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காதுக்குள் எட்டிப் பார்க்காமலே தண்ணீர் விடுவது, செவிப்பறையில் ஓட்டை இருப்பதைக் கவனிக்காமல் விடுவது போன்றவற்றை, தலைசுற்றலோடு வருபவர்களின் உட்காதுச் சமநிலையைச் சோதிக்கப் பழகும் புதியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரைபடம் அழகாக வந்து முடிவு மட்டும் பொய்யாகிப்போகும் தவறுகளைத்தான் சொல்ல வேண்டும்.

வாய் மூடிய கலோரிக் சோதனை

காதில் வெந்நீரும் குளிர்நீரும் விட்டு உட்காதின் சமநிலை உறுப்பைச் சோதிப்பதுதான் கலோரிக். தலையை 30 பாகை உயர்த்திப் படுக்க வைத்தால் உட்காதின் கிடைமட்ட அரைவட்டக் குழாய் செங்குத்தாக நிற்கும். ஒவ்வொரு காதிலும் 44 பாகை செல்சியஸ் வெந்நீர் ஒரு முறை, 30 பாகை செல்சியஸ் குளிர்நீர் ஒரு முறை. தடவைக்கு 30 நொடி, சுமார் 250 மில்லி. குழாயின் திரவம் நகர, கேமரா பொருத்திய இருட்டுக் கண்ணாடிக்குள் கண் துள்ளும்: ஒரு பக்கம் மெதுவாக நகர்ந்து, சட்டென்று திரும்பும். அந்தத் துள்ளலின் மெதுநகர்வு வேகத்தைத்தான் அளக்கிறோம்.

ஆனால் மூளை சும்மா இருந்தால் அந்தத் துள்ளலை அமுக்கிவிடும். குளிர்சாதன அறை, இருட்டு, மெத்தை: 74 வயதுப் பாட்டிக்குக் கண் சொருகாமல் என்ன செய்யும்? அதனால்தான் பேச்சுக் கொடுக்கிறோம். சிங்கப்பூரில் சிக்கல் இங்கேதான். சோதிப்பவர் மனப்பாடமாக, 'ஏ' எழுத்தில் தொடங்கும் ஆண் பெயர்களை ஆங்கிலத்தில் கேட்பார். "என்னம்மா கேக்குறே?" என்பார் பாட்டி. அதே கேள்வி இன்னும் சத்தமாக வரும். பாட்டிக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது, கேள்விதான் புரியவில்லை. பிறகு மௌனம்.

விளைவு எப்படியிருக்கும்? வலது காதில் வெந்நீருக்கு நொடிக்கு 24 பாகை, குளிர்நீருக்கு 26; இடது காதில் வெந்நீருக்கு 22, கடைசியாக விட்ட குளிர்நீருக்கு வெறும் 6 என்று வைத்துக்கொள்வோம். வலது மொத்தம் 50, இடது 28. வித்தியாசம் 22-ஐ மொத்தம் 78-ஆல் வகுத்தால் 28 சதவீதம். பல இடங்களில் 25-ஐத் தாண்டினாலே 'பலவீனம்' என்று எழுதிவிடுவார்கள். அடுத்து எம்.ஆர்.ஐ., மாதக்கணக்கில் பயிற்சி, "இடது காது நரம்பு போச்சாம்" என்று வீடு முழுக்கப் பேச்சு.

அந்த ஒற்றை 6-ஐப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். காது உண்மையிலேயே பலவீனமென்றால் வெந்நீருக்கும் குளிர்நீருக்கும் சேர்ந்தேதான் குறையும். நான்கில் ஒன்று மட்டும் தனியாக விழுந்தால் தண்ணீர் சரியாகப் போகவில்லை, அல்லது ஆள் அசந்துவிட்டார். ஐந்து நிமிடமாவது விட்டுத் திரும்பச் செய்யுங்கள். பேச வைத்துச் செய்ததில் 20 வந்தால் வித்தியாசம் 9 சதவீதம்தான்; காது நலம்.

கேள்வி தமிழில் இருக்கட்டும். மீன்குழம்புக்கு என்னென்ன போடுவீர்கள், தேக்கா சந்தையில் என்ன வாங்கினீர்கள், பேரப்பிள்ளைகளை மூத்தவரிலிருந்து சொல்லுங்கள். 'ஆமாம், இல்லை' என்று முடியும் கேள்வி உதவாது. நான்கு தடவையும் ஏறக்குறைய ஒரே கடினமாக இருக்க வேண்டும்: வலதுக்குக் குழம்பு, இடதுக்கு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தல் என்றால் ஒப்பீடே கெட்டது. தண்ணீர் நின்றதும் தொடங்கி, துள்ளல் உச்சத்தைத் தாண்டும்வரை விடாதீர்கள். தமிழ் தெரியாதவர் சோதித்தால், மகளை அறைக்குள் வரச்சொல்லிப் பேச வைப்பதில் தவறே இல்லை.

"மாத்திரையை நிறுத்திட்டு வாங்க"

எந்த மாத்திரையை? சின்னரிசின், புரோக்ளோர்பெரசின் போன்ற தலைசுற்றல் மருந்துகளை மருத்துவர் ஒப்புதலோடு 48 மணி நேரம் முன்பே நிறுத்துவது வழக்கம். பொத்தாம்பொதுவாகச் சொன்னால் இரத்த அழுத்த மாத்திரையையும் வலிப்பு மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டு வருவார்கள். பலதுறை மருந்தகத்தில் கொடுத்த மருந்துப் பையை முன்கூட்டியே கொண்டுவரச் சொல்லி, பெயர் பெயராகப் பார்ப்பதே வழி.

கண்மை

துடைத்துவிடச் சொல்லுங்கள். அகச்சிவப்புக் கேமரா மையைக் கண்மணி என்று நினைத்துக்கொள்ளும்.

வீடியோ தலை உந்து சோதனையில் தளர்ந்த கண்ணாடி

குறியைப் பார்த்தபடி இருப்பவரின் தலையைச் சட்டென்று திருப்பி, கண் எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்று பார்க்கும் சோதனை இது. ஆதாயம் என்பது தலையின் அசைவுக்குக் கண்ணின் அசைவு எத்தனை பங்கு என்பது; சரியாக இருந்தால் 1-ஐ ஒட்டி வரும். அது 1.3 என்று வந்தால் மகிழாதீர்கள். பட்டை தளர்ந்து கண்ணாடி நழுவியிருக்கலாம், அல்லது உங்கள் விரல் பட்டையில் பட்டிருக்கலாம். பட்டையை இறுக்கி, குறியை ஒரு மீட்டருக்குக் குறையாத தூரத்தில் வைத்து, மறுபடி அளவீடு சரிபாருங்கள். திருப்புவது 10 முதல் 20 பாகைதான், ஆனால் வேகமாக, எந்தப் பக்கம் என்று சோதனைக்கு வந்தவருக்குத் தெரியாமல்.

வெம்ப்

காதில் பலத்த ஒலி கொடுத்து, கழுத்து அல்லது கண் தசையில் எழும் மின் அலையைப் பதிவது வெம்ப். நடுக்காதில் நீர் இருந்தால் காற்றுவழி ஒலிக்கு அந்த அலை வராது. முதலில் டிம்பனோமெட்ரி, அதாவது நடுக்காதைப் பார்க்கும் அழுத்தச் சோதனை.

டிக்ஸ்-ஹால்பைக்கில் மூடிய கண்

உட்கார்ந்தவரின் தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் படுக்க வைத்துத் தலைசுற்றல் வருகிறதா என்று பார்ப்பது டிக்ஸ்-ஹால்பைக். சுற்றல் வந்ததும் எல்லோரும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள். பார்க்க வேண்டிய துள்ளல் அந்தச் சில நொடிகளில்தான் வந்து போகும். படுக்க வைக்குமுன்பே சொல்லிவிடுங்கள்: "கண்ணைத் தொறந்தே வைங்க பாட்டி, தலையை நான் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."