கீரிப்பூச்சி: டேப் டெஸ்டில் தொடங்கி இரண்டாவது மாத்திரை வரை

தூங்கப் போன பிள்ளை கொஞ்ச நேரத்திலேயே புரண்டு புரண்டு ஆசனவாயைச் சொறிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கீரிப்பூச்சியைத்தான். தூக்கத்தில் பல்லைக் கடிப்பது, முகத்தில் வெள்ளைத் திட்டு, இவையெல்லாம் பூச்சிக்கு அடையாளம் என்று வீட்டில் சொல்வார்கள். அதை மட்டும் நம்பி மருந்து கொடுக்க வேண்டாம். இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்பதும் சும்மா பேச்சு. முட்டை வாய்க்குள் போனால்தான் பூச்சி.

மலப் பரிசோதனை இதற்குச் சரிப்பட்டு வராது. பெண் பூச்சி குடலுக்குள் முட்டையிடுவதில்லை. ராத்திரியில் வெளியே வந்து, ஆசனவாயைச் சுற்றியுள்ள தோல் மடிப்பில் 10,000-க்கும் மேற்பட்ட முட்டைகளை ஒட்டிவிட்டுச் செத்துப்போகும். அரிப்பு அதனால்தான். மலத்தில் முட்டை தென்படுவது அபூர்வம் என்பதால், ரிப்போர்ட் 'நார்மல்' என்று வந்தாலும் பூச்சி இல்லை என்று ஆகிவிடாது.

பிள்ளை தூங்கி 2, 3 மணி நேரம் கழித்து டார்ச் அடித்து, பிட்டத்தை விரித்துப் பாருங்கள். வெள்ளைத் தையல் நூலை 1 செ.மீ.க்கு நறுக்கிப் போட்டது போல நெளிந்தால் அது கீரிப்பூச்சி. தட்டையாக, ரிப்பன் துண்டு மாதிரி மலத்தோடு வந்தால் அது நாடாப்புழுவாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு.

கண்ணில் படாவிட்டால் டேப் டெஸ்ட், அதாவது ஆசனவாயைச் சுற்றி ஒட்டியிருக்கும் முட்டையைச் செலோ டேப்பில் ஒட்டியெடுத்து, லேபில் மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கொடுப்பது. முந்தின நாளே லேபில் 3 கண்ணாடி ஸ்லைடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டேப் பளிச்சென்று கண்ணாடி போல இருக்க வேண்டும்; மங்கலான டேப்பை ஒட்டினால் மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. காலையில் எழுந்ததும், மலம் கழிக்கும் முன், கழுவும் முன் எடுக்க வேண்டும். 7, 8 செ.மீ. டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வருமாறு ஸ்பூன் காம்பின் நுனியில் மடித்துப் பிடித்து, ஆசனவாயைச் சுற்றி வலப்பக்கம், இடப்பக்கம் அழுத்தி எடுங்கள். சுருக்கம் விழாமல் ஸ்லைடில் ஒட்டி, பெயர், தேதி எழுதி, கவரில் போட்டுவிட்டுக் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். முந்தின ராத்திரி அங்கே எண்ணெய், பவுடர் போட்டிருந்தால் டேப் ஒட்டாது. ஒரே ஒரு நாள் எடுத்தால் பாதிப் பேருக்குத்தான் தெரியும். அடுத்தடுத்து 3 காலை எடுத்தால் 10-ல் 9 பேருக்குப் பிடிபடும்.

மருந்து அல்பெண்டசோல். 2 வயதுக்கு மேல் 400 மி.கி. ஒரு மாத்திரை, 1 முதல் 2 வயது வரை 200 மி.கி., அதாவது பாதி. சின்னப் பிள்ளைக்கு முழு மாத்திரையைக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்துப் பொடித்துத் தண்ணீரில் கலக்குங்கள். வெறும் வயிறு, விளக்கெண்ணெய்ப் பேதி எதுவும் தேவையில்லை. 1 வயதுக்கு உட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, ஈரல் நோய் உள்ளவர், வலிப்பு வந்தவர், இவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

பெரும்பாலான வீடுகளில் தவறுவது இரண்டாவது மாத்திரையில்தான். இந்த மருந்து புழுவைக் கொல்லுமே தவிர, முட்டையை அவ்வளவாகத் தொடாது. இன்று மாத்திரை போட்ட பிள்ளை நாளைக்கே நகத்தில் இருக்கும் முட்டையை விழுங்கலாம். அது வளர்ந்து மறுபடி முட்டையிட ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். 14-ஆம் நாள் இன்னொரு மாத்திரை போட்டால், முட்டையிடும் முன்பே செத்துவிடும். அரிப்பு நின்றுவிட்டதே என்று விடாமல் காலண்டரில் குறித்து வையுங்கள். வீட்டில் இருக்கிற எல்லோரும் இரண்டு முறையும் ஒரே நாளில் போட வேண்டும், அரிப்பே இல்லாதவர் உட்பட. குடற்புழு நீக்க நாளில் பள்ளியில் தருவதும் இதே மாத்திரைதான். ஆனால் பிள்ளைக்கு மட்டும், ஒரே ஒரு தடவை என்பதால் கீரிப்பூச்சி அதோடு ஒழியாது.

முட்டை சில மணி நேரத்திலேயே தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும்; துணியில் 2 வாரம் வரை தாங்கும். அதனால் இந்த இரண்டு வாரமும் காலையில் எழுந்ததும் குளியல், புது ஜட்டி. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். போர்வையை உதறினால் முட்டை பறக்கும். அப்படியே சுருட்டி எடுத்துச் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் போடுங்கள். நாய், பூனைக்கு மருந்து கொடுக்க வேண்டியதில்லை, இது மனிதரிடம் மட்டும் வாழும் பூச்சி.

இரண்டாவது மாத்திரைக்குப் பிறகும் அரித்தால் உடனே மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். மறுபடி 3 காலை டேப் எடுங்கள். பெரும்பாலும் யாரோ ஒருவர் மாத்திரை போடாமல் விட்டிருப்பார். வயிறு உப்பி, விடாமல் வாந்தி வந்து, அதில் மண்புழு கனத்தில் புழு விழுந்தால் அது நாக்குப்பூச்சி, குடலை அடைத்திருக்கலாம். வீட்டில் மாத்திரை கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.