வரைபடத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பது எப்படி? பாம்பனில் தொடங்குவோம்

செல்பேசி மேப்பில் நீலப் புள்ளி போகிற வழியே போவதை வரைபடம் படிப்பது என்று சொல்ல மாட்டேன், அது பக்கத்தில் ஒருவர் வாசித்துக் காட்டக் கேட்டுக்கொண்டிருப்பது. நாமே படிக்கப் பழகலாம், அதற்கு ராமநாதபுரம் கரை போதும்.

1. தெரிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்

பாம்பன் பாலத்தைத் தேடுங்கள். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. படத்தில் இரண்டும் ஒரே நீலம். தனுஷ்கோடியில் கேட்டால் அமைதியான வடபக்கம் பெண் கடல், அலையடிக்கும் தென்பக்கம் ஆண் கடல் என்பார்கள். ஊர்ப்பேச்சில் இருக்கிற இந்தச் சொல் படத்தின் மொழியில் இல்லை.

2. ஸ்கேலை வையுங்கள்

1:50,000 அளவுத் தாளில் 1 செ.மீ. என்பது தரையில் 500 மீட்டர். பாலம் சுமார் 2 கி.மீ., அப்படியானால் தாளில் 4 செ.மீ. வரவேண்டும். அளந்து பாருங்கள்.

3. எண்களைப் படியுங்கள்

இங்கேதான் எல்லாரும் சறுக்குவது. ராமேஸ்வரம் ஏறக்குறைய வடக்கு 9.28, கிழக்கு 79.31 டிகிரி. அட்சரேகை முதலில், தீர்க்கரேகை அப்புறம். மாற்றிப் போட்டால் ஆர்க்டிக் பக்கம் போய் நிற்பீர்கள். அதைவிட மோசமானது புள்ளி. 9.28 டிகிரி என்பது 9 டிகிரி 28 நிமிடம் அல்ல, ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் அது 9 டிகிரி 17 நிமிடத்தை ஒட்டி வரும். நான் ஒருமுறை மண்டபத்தில் தெரிந்தவர் படகு ஜிபிஎஸ்ஸில் 28 நிமிடம் என்றே தட்டிவிட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, ராமேஸ்வரம் எப்ப நடுக்கடலுக்குப் போச்சு?” என்றார். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ.; பதினொரு நிமிடப் பிழைக்கு ஊர் 20 கி.மீ. வடக்கே நகர்ந்திருந்தது.

4. எந்த வருடத்துப் படம் என்று பாருங்கள்

படத்துக்கும் காலம் உண்டு. 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய தாள்களில் தனுஷ்கோடி வரை ரயில் பாதை ஓடும். பொய் இல்லை, இறந்தகாலம். ஓரத்தில் அச்சான வருடத்தைப் பார்க்காமல் நம்பிப் போனால் மணலில்தான் நிற்க வேண்டும்.

5. நீங்களே ஒன்று வரையுங்கள்

வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை, வடக்கைக் குறித்து. ஊருக்குப் புதிதாக வந்தவர் கையில் கொடுத்து அனுப்புங்கள். அவர் எங்கே நின்று வழி கேட்டாரோ, அங்கே ஒரு குறியைப் போடாமல் விட்டிருக்கிறீர்கள்.