எதிரி காட்டிய இரக்கம்: பேரப்பிள்ளைகளிடம் கேட்கும்போது செய்யும் தவறுகள்

"அவன் பெரிய எம்டன்" என்று சென்னையில் இன்னும் சொல்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயர் அது. அதே கப்பலின் கேப்டன் முல்லர், பிடித்த சரக்குக் கப்பல்களை மூழ்கடிக்கும் முன் மாலுமிகளை இறக்கிப் பத்திரமாக அனுப்பிவைப்பார். அதற்காக பிரிட்டிஷ் பத்திரிகைகளே அவரைப் பாராட்டின. ஊரின் மீது குண்டு போட்டவன் பெயரைக் கெட்டிக்காரனுக்கு வைத்த ஊர் நம்முடையது. எதிரி செய்த உதவியைப் பற்றிய கதைகள் இங்கே பல வீடுகளில் கிடைக்கும்.

சண்டையைக் கண்ணால் பார்த்தவர்களில் அநேகம் பேர் போய்விட்டார்கள். இப்போது பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும்தான் கேட்க முடியும். சில வருஷமாகக் கேட்டுப் பதிவு செய்கிறேன். சரியாகச் செய்ததைவிடச் சொதப்பியதே அதிகம்.

முதல் சொதப்பல், கேள்வியிலேயே. வியாசர்பாடியில் ஒரு வீடு. தாத்தா மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை வேலைக்கு, அதாவது இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட பாதைக்கு, கொண்டுபோகப்பட்டவர். உட்கார்ந்ததும் பேரனிடம், "ஜப்பான்காரர் யாராவது தாத்தாவுக்கு உதவி செய்தாரா?" என்று கேட்டேன். செய்தார், மலேரியாவுக்கான கொய்னா மாத்திரை கொடுத்தார் என்று உடனே பதில் வந்தது. வந்தவருக்குக் காப்பி கொடுப்பது மாதிரி, கேட்டதற்கு ஒரு பதிலையும் கொடுத்துவிட்டார். "தாத்தா அந்த நாட்களைப் பற்றி என்ன சொல்வார்? எப்போது சொல்வார்?" என்று மட்டும் கேட்டிருக்க வேண்டும். அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.

அன்று சமையலறையிலிருந்து பேரனின் அத்தை ஒரு குரல் கொடுத்தார்: "மாத்திரை இல்லடா, உப்பு. அப்பா எப்பவும் உப்புன்னுதான் சொல்வாரு." குக்கர் விசிலோடு கலந்திருந்ததால் இரைச்சல் என்று அந்த இடத்தை வெட்டிவிட்டேன். பதிவிலேயே முக்கியமான வரி அதுதான் என்று புரிய இரண்டு மாதம் ஆனது. திரும்பிப் போய் அத்தையிடம் தனியாகக் கேட்டேன். கஞ்சியில் உப்புப் போடும்போதெல்லாம் அவருடைய அப்பா அந்தச் சிப்பாயை நினைப்பாராம்: இலையில் மடித்த ஒரு கைப்பிடி உப்பு, யாருக்கும் தெரியாமல் கொடுத்தது.

சரி, மாத்திரையா உப்பா? இரண்டையும் எழுதி வையுங்கள். யார் யாரிடம், எந்த வயதில், எந்தச் சந்தர்ப்பத்தில் கேட்டார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பேரன் சாட்சி இல்லை, அத்தையும் சாட்சி இல்லை. அவர்களிடம் இருப்பது கை மாறி வந்த கதை. அது வந்த வழியை எழுதாமல் கதையை மட்டும் எழுதுவதைத்தான் ஆகப் பெரிய தவறாக நினைக்கிறேன்.

வழியில் வேறு கதைகளும் ஒட்டிக்கொள்ளும். எம்டனில் விடுதலைப் போராட்டக்காரர் செண்பகராமன் பிள்ளை வந்தார் என்று பல குடும்பங்களில் அடித்துச் சொல்வார்கள். அவர் அந்தச் சமயம் ஐரோப்பாவில் இருந்தார். இதைச் சொல்லிப் பேசுபவரை மடக்க வேண்டியதில்லை. தனிக் குறிப்பாக வைத்தால் போதும். தேதியிலும் அவசரப்படக் கூடாது. "நாற்பத்தி நாலுல ரயில் ரோடு வேலை" என்று ஒருவர் சொன்னபோது, தப்பு என்று குறித்துக்கொண்டேன். 415 கிலோமீட்டர் பாதை 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்துவிட்டதே! ஆனால் பாதையைப் பழுது பார்க்க அதற்குப் பிறகும் கூலிகளை அங்கே வைத்திருந்தார்கள். தப்பு என்னுடையது.

'ஜப்பான்காரன்' என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அந்தப் பாதையில் கைதி முகாம்களுக்குக் காவல் நின்றவர்களில் நிறையப் பேர் ஜப்பான் ராணுவத்துக்கு வேலை செய்த கொரியர்கள். எதிர்த்தரப்பின் வாரிசைத் தேடுகிறவர் தவறான நாட்டில் தேடிக்கொண்டிருக்கக் கூடும்.

இன்னொரு ஆசையும் வரும்: நல்லதை மட்டும் எடுத்து அழகாக எழுத. அந்தப் பாதையில் 12,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகள் செத்தார்கள். அவர்களுக்குக் கல்லறைத் தோட்டங்கள் உண்டு. அதைவிடப் பல மடங்கு செத்த ஆசியக் கூலிகளில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை. இதை விட்டுவிட்டு உப்பை மட்டும் எழுதினால் அது விளம்பரம். அத்தையே சொன்னார்: "முந்தின நாள் அடிச்சதும் அவன்தான் தம்பி. அதையும் எழுது."

ஈழப் போரைப் பற்றி இங்கே அகதியாக வந்த குடும்பங்களிடம் கேட்கும்போது ஜாக்கிரதை இன்னும் அதிகம் வேண்டும். 2009-இல் முடிந்த போர். உதவிய சிப்பாயோ போராளியோ இன்று உயிரோடு இருக்கலாம். அவர் செய்த இரக்கமே அவருக்கு ஆபத்தாகலாம். பெயர், ஊர், முகாம் எதையும் வெளியிடும் முன் கேளுங்கள், வெளியிடும் நாளில் மறுபடியும் கேளுங்கள். இரண்டு தரப்பு வாரிசுகளையும் சேர்த்துவைக்கும் உற்சாகத்தில் ஒருவர் நம்பரை மற்றவருக்கு அனுப்பிவிடாதீர்கள்.

சில்லறை விஷயங்கள்: ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள், சென்னை வெயிலில் அரை மணி நேரம்தான் தாங்கும். பழைய போட்டோவின் பின்பக்கத்தையும் படம் எடுங்கள். மூலப் பதிவை வெட்டாமல் இரண்டு இடத்தில் வையுங்கள்.

எழுதி முடித்ததைப் படித்துக் காட்டாமல் விடுவதும் தவறுதான். அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"கைப்பிடின்னு யாரு சொன்னா? ஒரு சிட்டிகை தம்பி. அவ்வளவுதான் அவன்கிட்டயே இருந்துச்சாம்."