பெண்ணியத் தலைமைக் குழுவில் சேர்வது எப்படி? கோலாலம்பூர், பினாங்கு மாணவிகளுக்கு

எதில் சேரப் போகிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சங்க உறுப்பினர் என்றால் ஆண்டுச் சந்தா உண்டு, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓட்டும் உண்டு. தொண்டூழியருக்கு இரண்டும் இல்லை, வேலை மட்டும்தான். தலைமைப் பயிற்சி என்பது ஆள் தேர்ந்தெடுத்து, சில வாரங்களோ மாதங்களோ நடத்துவது. ஒரே நாள் உரை, மதியம் நாசி லெமாக், மாலையில் சிஜில் (சான்றிதழ்) என்றால் அது பயிற்சி அல்ல, நிகழ்ச்சி. அதற்கு நூற்றுக்கணக்கில் ரிங்கிட் கேட்டால் கட்டாதீர்கள்.

1. எங்கே தேடுவது

கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா பக்கம் அவாம் (AWAM) என்ற பெண்கள் உரிமை அமைப்பு இருக்கிறது. குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் தங்குமிடம் நடத்தும் டபிள்யூஏஓ (WAO, 1982இல் தொடங்கியது) இருக்கிறது. ஆய்வில் ஆர்வமுள்ளவர்கள் ஏரோ (ARROW, 1993இல் தொடங்கியது) என்ற பெண்கள் ஆய்வு அமைப்பின் பக்கம் பார்க்கலாம். பினாங்கில் 1985 முதல் இயங்கும் பெண்கள் அமைப்பு டபிள்யூசிசி (WCC). யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மாணவிகளுக்கு வளாகத்துக்குள்ளேயே கனித்தா என்ற பெண்கள், பாலின ஆய்வு மையம். இவர்களின் படவரி (இன்ஸ்டாகிராம்) பக்கங்களுக்கு அறிவிப்பு மணியைப் போட்டு வையுங்கள். ஆள் எடுப்பு ஆண்டு முழுக்க நடக்காது, திறந்தாலும் சீக்கிரம் மூடிவிடும்.

2. சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

அமைப்பு பதிவு பெற்றதா? ஆண்டறிக்கை வெளியிடுகிறதா? குழுவுக்குள்ளேயே ஒருவர் அத்துமீறினால் யாரிடம் புகார் செய்வது? கடைசிக் கேள்விக்குப் பதில் வராத இடத்தில் பெண்ணியம் போஸ்டரோடு சரி.

“ஆக்கூ இருக்கிறதே, மாட்டிக்கொள்வோமா?” என்று அரசாங்கப் பல்கலைக்கழக மாணவிகள் பயப்படுவார்கள். பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் பற்றிய 1971ஆம் ஆண்டுச் சட்டம் அது (மலாய்ச் சுருக்கம் AUKU). 2012 திருத்தத்துக்குப் பிறகு சட்டத்துக்குட்பட்ட வெளி அமைப்புகளில் சேரப் பொதுவாகத் தடையில்லை. அரசியல் கட்சியிலேயே சேரலாம். கல்விக்கொடை வாங்குபவர்கள் மட்டும் தங்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

3. விண்ணப்பப் பாரம்: பெரும்பாலோர் விழும் இடம்

பெயர், படிப்பு, ஆண்டு எல்லாம் ஐந்து நிமிட வேலை. “ஏன் சேர விரும்புகிறீர்கள்?” என்ற கட்டம்தான் ஆளைக் கழிப்பது. வரும் பதில்களில் பாதி இப்படி இருக்கும்:

“பெண்கள் முன்னேற வேண்டும், சமத்துவம் மலர வேண்டும் என்பது என் சிறு வயதுக் கனவு.”

இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதியவர் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து என்ன செய்வார் என்று படிப்பவருக்குத் தெரியாது. மாற்றி எழுதிப் பாருங்கள்:

“எங்கள் விடுதிப் பெண்கள் பலருக்குப் பாலியல் தொந்தரவு பற்றி எங்கே புகார் செய்வது என்று தெரியவில்லை, அறிவிப்புப் பலகையிலும் எதுவும் இல்லை. தமிழிலும் மலாயிலும் தகவல் தாள் தயாரிக்க என்னால் முடியும். வாரம் நான்கு மணி நேரம் தர முடியும், தேர்வு வாரங்கள் தவிர.”

ஒரு குறை, ஒரு திறமை, ஒரு கால அளவு. நூறு சொல் தாண்டத் தேவையில்லை. தோழிக்கு நடந்த கொடுமையை உருக்கமாக எழுதிச் சேர்க்காதீர்கள். அது அவள் கதை; அவள் சம்மதம் இல்லாமல் உங்கள் பாரத்தில் வரக்கூடாது. அனுபவமுள்ள குழு அதைப் படித்ததும் உங்களைத்தான் சந்தேகப்படும்.

தமிழ் தெரியும் என்பதை மறக்காமல் போடுங்கள். கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் மலாயிலும் நடக்கும். அதனால் நம் மாணவிகள் பலர் தமிழை ஒரு தகுதியாகவே நினைப்பதில்லை. அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் அம்மாக்களிடம் பேச ஆள் தேடுபவர்களுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். ஆனால் பயிற்சி இல்லாமல், பாதிக்கப்பட்டவரின் ஆலோசனை அறையில் மொழிபெயர்க்க உட்கார வைத்தால் மறுத்துவிடுங்கள். ஒரு சொல் பிசகினாலும் வழக்கில் அடிபடும்.

4. நேர்காணல்

குடும்ப வன்முறைச் சட்டம் 1994, பாலியல் தொந்தரவு எதிர்ப்புச் சட்டம் 2022 இரண்டையும் புரட்டிவிட்டுப் போங்கள். இரண்டாவதன் கீழ் அமைந்த தீர்ப்பாயம் 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு விதிக்கலாம். அங்கே பொதுவாக வழக்கறிஞர் இல்லாமலே வாதாட வேண்டும். இவ்வளவு தெரிந்தாலே பேச விஷயம் இருக்கும்.

5. சேர்ந்த பிறகு

வரவேற்புக் குழு, எம்சி (மேடை நெறியாளர்), சேலை கட்டிப் பூ கொடுப்பது: இந்த வேலைகள் தானாகவே உங்களைத் தேடி வரும். பொருளாளர் உதவியாளர் வேலையைக் கேட்டு வாங்குங்கள். காசு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரியாமல் தலைமை பழக முடியாது.

கூட்டக் குறிப்புக்குக் கூகள் டாக்ஸ், ஒரே கோப்பு. முடிவுகளைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) எடுத்தால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். உதவி கேட்டு வருபவர்களின் விவரத்தைப் புலனத்தில் போடவே கூடாது, பெயரை மறைத்தாலும்.

வளாகத்தில் சொந்தமாக நிகழ்ச்சி நடத்த எச்இபி (மாணவர் விவகாரப்) பிரிவுக்குக் கெர்தாஸ் கெர்ஜா, அதாவது நிகழ்ச்சித் திட்ட அறிக்கை, கொடுக்க வேண்டும்: பின்னணி, நோக்கம், நேர அட்டவணை, செலவுக் கணக்கு, ஆலோசகர் கையெழுத்து. கையெழுத்துப் போட விரிவுரையாளர் கிடைப்பதில்தான் தாமதம் ஆகும், அதனால் அவரை முதலில் பிடியுங்கள். தலைப்பில் “பெண்ணியம்” என்று இருந்தால் கேள்வி கூடுதலாக வரும். பாலினச் சமத்துவம் என்று போட்டு அனுமதி வாங்குவதில் தப்பில்லை.

பிறகு சேர்த்தவை

*வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்:* கொள்கை பேசிப் பயனில்லை. இடம், முடியும் நேரம், திரும்பும் வழி மூன்றையும் எழுதிக் கொடுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதம் 50 ரிங்கிட்டுக்கு ரயிலிலும் பேருந்திலும் போக உதவும் மை50 அட்டை இருந்தால் பயணச் செலவு பற்றிய பேச்சும் அடங்கும். “இதெல்லாம் நமக்கு எதற்கு?” என்று தாத்தா கேட்டால் இராசம்மா பூபாலனைச் சொல்லுங்கள். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்தவர், பிறகு பெண் ஆசிரியர்களின் சம ஊதியத்துக்காகச் சங்கம் கட்டியவர். தாத்தாவுக்கே பெயர் தெரிந்திருக்கும்.

*மார்ச் 8 மகளிர் தின ஊர்வலம்:* கலந்துகொள்ளலாம். ஆனால் அமைதிப் பேரணிச் சட்டம் 2012இன்படி ஏற்பாட்டாளருக்கு 21 வயதாகியிருக்க வேண்டும். பத்தொன்பது வயதில் ஏற்பாட்டாளர் என்று உங்கள் பெயரைப் போட்டுக்கொடுக்காதீர்கள்.

*விலக வேண்டியிருந்தால்:* சத்தமில்லாமல் புலனக் குழுவை விட்டு வெளியேறாதீர்கள். இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பி, கோப்புகளையும் கடவுச்சொற்களையும் அடுத்தவரிடம் ஒப்படையுங்கள். தேர்வு முடிந்து திரும்பிப் போக நினைத்தால் கதவு திறந்திருக்கும்.